250 டாலர் கேலா டிக்கெட், அந்தக் காசு பிள்ளைங்க கைக்குப் போய்ச் சேருமா?

உங்க கேள்விய ரெண்டு தடவ படிச்சேன். பொண்ணு கனடா ஒண்டாரியோவுல யூனிவர்சிட்டியில தியேட்டர் ரெண்டாவது வருஷம், ஆர்ட்ஸ் ஸ்டூடண்ட்ஸுக்கு நிதி சேர்க்க ஒரு கேலா டின்னர் வைக்கிறாங்க, டிக்கெட் 250 டாலர், நீங்களும் வீட்டம்மாவும் போனா 500 ஆயிடும், டாக்ஸ் ரசீது எவ்வளவுக்கு வரும், இதுக்குப் பதிலா நேரா டொனேஷன் குடுத்துடலாமா, நம்ம பொண்ணுக்கும் இதுல ஏதாவது கிடைக்குமான்னு மூணு விஷயம் கேட்டிருக்கீங்க. ஆனா கடைசி வரியில "சாப்பாட்டுக்கே பாதி போயிடுமோன்னு உறுத்தலா இருக்கு"ன்னு எழுதியிருக்கீங்க பாருங்க, அதுதான் நீங்க உண்மையா கேட்க வந்த கேள்வின்னு நினைக்கிறேன். அதுக்கே முதல்ல பதில் சொல்றேன்.

என்னைப் பத்தி ஒரு வரி. நான் ஒண்டாரியோவுல ரெண்டு யூனிவர்சிட்டிகள்ல நன்கொடை வாங்குற ஆபீஸ்ல 14 வருஷம் வேலை பார்த்திருக்கேன், அதுல 9 கேலா நானே மேஜை போடுறதுல இருந்து தேங்க்யூ லெட்டர் வரைக்கும் நடத்தியிருக்கேன். அக்கவுண்டண்ட் கிடையாது, அதனால வரி விஷயத்துல நான் சொல்றது பொது விதி, உங்க சொந்தக் கணக்குக்கு உங்க ஆள்கிட்ட ஒரு தடவ கேட்டுக்குங்க. உங்க பொண்ணோட யூனிவர்சிட்டி கணக்க நான் பார்த்ததில்ல, அதனால எங்கெங்க பொதுவா சொல்றேனோ அங்க நீங்க அவங்ககிட்ட கேட்டு உறுதிப்படுத்திக்கணும்.

எங்க ஊரு பேராவூரணி பக்கம். புதுக்கோட்டை, பேராவூரணி, கீரமங்கலம் ஏரியாவுல மொய் விருந்துன்னு ஒண்ணு உண்டு, தெரிஞ்சிருக்கும். பந்தல் போட்டு, கறிச்சோறு போட்டு, வர்றவங்க சாப்பிட்டு மொய் எழுதிட்டுப் போவாங்க, ராத்திரியே உட்கார்ந்து நோட்டக் கூட்டி, கறிக்கடை பாக்கி, பந்தல்காரர் பாக்கி எல்லாம் போக கையில என்ன நிக்குதுன்னு வீட்டுக்காரங்க எண்ணிடுவாங்க. அந்த மொய்ய பின்னாடி திருப்பிச் செய்யணும், கேலாவுல அது கிடையாது, மத்தபடி வேலை செய்யற விதம் ஒண்ணுதான். என்ன வித்தியாசம்னா கேலா முடிஞ்ச மறுநாள் வெளிய வர்ற நம்பர் எப்பவுமே மொத்த வசூல்தான். "இந்த இரவு 80 ஆயிரம் டாலர் திரட்டினோம்"னு போஸ்டர் போடுவாங்க. கையில நின்னது எவ்வளவுன்னு கேட்டாத்தான் சொல்லுவாங்க. நீங்க கேட்க வேண்டியது அதைத்தான்.

ஒரு கணக்கு போட்டுக் காட்டுறேன், இது நான் பார்த்த அளவுகளை வச்சு போட்ட உதாரணம், உங்க கேலாவோடது இல்ல. 200 பேர் ஹால்ல இருக்காங்கன்னு வைங்க. அதுல 30 பேர் இலவசம், டீன், ப்ரொஃபசர்ங்க, ஸ்பான்சர் கூட்டிட்டு வந்தவங்க, போன வருஷ பெரிய டோனர்னு ஆயிரம் காரணம். மிச்சம் 170 பேர் 250 வீதம் 42,500 டாலர். சாப்பாடும் ஹாலும் தலைக்கு 95 வச்சா 200 பேருக்கு 19,000. மேடை, லைட்டு, சவுண்டு, இன்சூரன்ஸ், பூ, அச்சு, லிக்கர் பெர்மிட்னு ஒரு 8,000. ஆக செலவு 27,000. டிக்கெட் காசுல நிக்கிறது 15,500 தான். உங்க உறுத்தல் சரிதான்னு இப்பவே சொல்லத் தோணும், ஆனா கொஞ்சம் இருங்க, கேலாவுல உண்மையான வரவு டிக்கெட்டுல இல்ல. பேங்க், ரியல் எஸ்டேட், சட்ட ஆபீஸ்னு ஸ்பான்சர்ங்க 20,000 குடுப்பாங்க, சைலண்ட் ஆக்‌ஷன்ல (ஆளாளுக்கு விலைய பேப்பர்ல எழுதிப் போடுற ஏலம்) ஒரு 9,000, அப்புறம் ஒரு ஸ்டூடண்ட் மேடையேறி தன் கதைய சொன்ன பிறகு விளக்க கொஞ்சம் மங்க வச்சு "யாரு 1,000 குடுக்குறீங்க, யாரு 500"ன்னு கை தூக்கச் சொல்லுவாங்களே, அதுல ஒரு 12,000. மொத்தம் 83,500, செலவு போக 56,500. செலவு விகிதம் கிட்டத்தட்ட 32 சதவீதம். இது நல்லா நடந்த கேலா. இதே ராத்திரியில ஸ்பான்சர் யாரும் வரலன்னா வரவு 63,500 தான், செலவு அதே 27,000, விகிதம் 42க்கு மேல போயிடும். ஹால் நிறைஞ்சிருக்கும், போட்டோ ரெண்டுலயும் ஒரே மாதிரி அழகாத்தான் இருக்கும்.

இதுல ஒண்ணு சேர்க்கல, ஆபீஸ் ஆளுங்க சம்பளம். மூணு நாலு பேர் நாலு மாசம் இதுலயே கிடப்போம். அதை கேலா செலவுல எழுதுற வழக்கம் நான் இருந்த ரெண்டு எடத்துலயும் கிடையாது, எழுதினா விகிதம் நல்லாவே ஏறும். அதுக்காக கேலாவே வீண்னு நான் சொல்ல மாட்டேன், ஏன்னா அந்த மேஜையில உட்கார்ந்து சாப்பிட்ட ஒருத்தர் மூணு வருஷம் கழிச்சு ஒரு லட்சம் டாலர் குடுத்ததையும் பார்த்திருக்கேன், அவரைக் கொண்டு வந்தது அந்த ராத்திரி ஒரு பையன் வாசிச்ச செல்லோதான். இந்த மாதிரி பலன் எத்தனை தடவ வரும்னு யாராலயும் முன்கூட்டி சொல்ல முடியாது, நிச்சயமான கணக்கு மாதிரி இதை உங்ககிட்ட யாராவது சொன்னா நம்ப வேண்டாம்.

அரசாங்கம் என்ன சொல்லுதுன்னா, கனடாவுல யூனிவர்சிட்டிகளும் வரி ரசீது குடுக்குற அமைப்புங்கதான், சிஆர்ஏ (கனடா வருமான வரித்துறை) வழிகாட்டுதல்படி நிதி சேர்க்குற செலவு வரவுல 35 சதவீதத்துக்குக் கீழ இருந்தா பொதுவா கேள்வி வராது, 35க்கு மேல போனா கேட்கலாம், 70 தாண்டினா கட்டாயம் விளக்கம் சொல்ல வேண்டி வரும். இது வருஷக் கணக்குக்கு உள்ள அளவுகோல், ஒரே ஒரு ராத்திரிக்கு இல்ல, ஆனாலும் மனசுல வச்சுக்க உதவும். ஒவ்வொரு அமைப்பும் டி3010னு ஒரு படிவம் தாக்கல் பண்ணும், சிஆர்ஏ வெப்சைட்ல யாரு வேணா பார்க்கலாம், அதுல 5020ங்கிற வரியில நிதி சேர்க்க ஆன செலவு இருக்கும். ஆனா யூனிவர்சிட்டிக்கு அது கோடிக்கணக்கான டாலர் கணக்கு, உங்க கேலா அதுல ஒரு துளியாக் கூடத் தெரியாது. அதனால நேரா கேட்குறது தவிர வேற வழி இல்ல.

ரசீதுக்கு வர்றேன். இது நிச்சயமான விஷயம். 250 டாலருக்கும் முழு ரசீது வராது. நீங்க வாங்கிக்கிட்டதோட சந்தை மதிப்ப கழிச்சுட்டு மிச்சத்துக்குத்தான் ரசீது. அதே மாதிரி சாப்பாட்ட வெளிய ஒரு ரெஸ்டாரண்ட்ல சாப்பிட்டா என்ன ஆகுமோ அதுதான் மதிப்பு, கேட்டரிங்காரர் இலவசமா குடுத்திருந்தாக் கூட அந்த மதிப்ப கழிக்கணும். 95ன்னு வச்சா உங்க ரசீது 155. மேஜையில வைக்கிற பேனா, பை மாதிரி சின்ன பொருளுங்க மொத்தமா உங்க தொகையில 10 சதவீதம் அல்லது 75 டாலர், இதுல எது கம்மியோ அதுக்குள்ள இருந்தா கழிக்க வேண்டியதில்ல, ஆனா அந்தச் சலுகை சாப்பாட்டுக்குப் பொருந்தாது. கிடைக்கிற பலன் குடுத்த காசுல 80 சதவீதத்துக்கு மேல போயிட்டா பொதுவா ரசீதே கிடையாது. ராஃபிள் சீட்டுக்கு எப்பவும் ரசீது இல்ல. ஏலத்துல 400 டாலர் மதிப்புன்னு முன்கூட்டியே எழுதி வச்ச ஓவியத்த நீங்க 500க்கு எடுத்தா 100க்கு ரசீது கேட்கலாம், மதிப்பு எழுதி வைக்கலன்னா கஷ்டம். வருஷத்துல உங்க டொனேஷன் ஏற்கனவே 200 டாலர தாண்டியிருந்தா ஃபெடரல் 29, ஒண்டாரியோ 11.16, ரெண்டும் சேர்த்து 40 சதவீதம் சொச்சம் வரியில குறையும், 155க்கு ஏறக்குறைய 62 டாலர். இதே 250ஐ நேரா குடுத்திருந்தா 100 டாலர் குறையும். இன்னொரு பக்கமும் பாருங்க, என் உதாரணத்துல உங்க டிக்கெட்டுல சாப்பாடு 95, மத்த செலவு 40 போக, இலவசமா வர்றவங்க செலவ சேர்க்காமலே, பிள்ளைங்களுக்கு 115தான் நிக்குது, நேரா குடுத்தா 250ம் போகுது. ஆக ரெண்டாவது கேள்விக்கு சுத்தமான பதில், காசு போய்ச் சேரணும்ங்கிறதுதான் நோக்கம்னா நேரா குடுங்க. பொண்ணோட ஆசிரியர்களைப் பார்க்கணும், பிள்ளைங்க ஆடுறதைப் பார்க்கணும், அந்த ஹால்ல நம்ம முகமும் ரெண்டு இருக்கணும்னா போங்க, அதுவும் நல்ல காரணம்தான்.

ஆனா நேரா குடுத்தாலும் எந்தப் பானையில விழுதுங்கிறது இருக்கே, இதுதான் நான் இத்தனை வருஷத்துல கத்துக்கிட்டதுலயே பெருசு. முதல்ல "ஆர்ட்ஸ்"னா என்னன்னு கேளுங்க. இங்க ஆர்ட்ஸ்னா வரலாறு, இங்கிலீஷ், பொருளாதாரம் படிக்கிற பிள்ளைங்களையும் சொல்லுவாங்க, ஓவியம், நாடகம், நடனம், இசை படிக்கிறவங்களையும் சொல்லுவாங்க. அழைப்பிதழ்ல நடனம் ஆடுற படம் போட்டு, காசு மொத்த ஃபேகல்ட்டியோட பொது நிதிக்குப் போறது நடக்கும், தப்புன்னு சொல்ல முடியாது, ஆனா உங்களுக்குத் தெரிஞ்சிருக்கணும்.

அடுத்து, இது எண்டோமெண்ட்டா இந்த வருஷமே செலவாகுற பணமா? எண்டோமெண்ட்னா நம்ம கோயில்ல கட்டளை வைக்கிற மாதிரி, முதல் அப்படியே கிடக்கும், அதுல வர்றதுல மட்டும் வருஷா வருஷம் நடக்கும். பொதுவா யூனிவர்சிட்டிங்க வருஷத்துக்கு 4 சதவீதம் பக்கம்தான் வெளிய எடுப்பாங்க. மேல சொன்ன 56,500ஐ எண்டோமெண்ட்ல போட்டா வருஷத்துக்கு 2,260 டாலர், ஒரு பிள்ளைக்கு, காலகாலத்துக்கும். அதையே இந்த வருஷ பர்சரியா (கஷ்டப்படுற பிள்ளைங்களுக்கான உதவித்தொகை) குடுத்தா 28 பிள்ளைங்களுக்கு ஆளுக்கு 2,000. எது சரின்னு நான் ரொம்ப நாள் யோசிச்சிருக்கேன். ஸ்கார்பரோவுல டொராண்டோ யூனிவர்சிட்டி தமிழ் இருக்கைக்கு நம்ம சனங்க 30 லட்சம் டாலர் சேர்த்து 2021ல முடிச்சாங்க, ஹார்வர்டு இருக்கைக்கு 60 லட்சம் டாலர், தமிழ்நாடு அரசு 10 கோடி ரூபாய் குடுத்தது, அதெல்லாம் எண்டோமெண்ட்டாத்தான் இருக்கணும், ஒரு ப்ரொஃபசர் பதவி நிரந்தரமா நிக்கணும்ல. ஆனா ஒரு ராத்திரி கேலாவுல வர்ற சின்னப் பணம் இந்த செமஸ்டர் வாடகைக்கு முழிக்கிற பிள்ளைக்குப் போகணும்ங்கிறது என் கட்சி. என் கூட வேலை பார்த்த பலர் இதை ஒத்துக்க மாட்டாங்க, அவங்க சொல்றதுலயும் நியாயம் இருக்கு, பொருளாதாரம் சரிஞ்ச வருஷத்துல டோனர்ங்க காணாமப் போவாங்க, எண்டோமெண்ட் மட்டும்தான் நிக்கும்.

பெரிய பணம் என்ன செய்யும்னும் தெரிஞ்சுக்குங்க. யேல் நாடகப் பள்ளிக்கு 2021ல அமெரிக்க இசை, சினிமா தொழிலதிபர் டேவிட் கெஃபன் 15 கோடி டாலர் குடுத்தார், அதுக்கப்புறம் அங்க ட்யூஷன் ஃபீஸே கிடையாது. பிலடெல்பியா கர்ட்டிஸ் இசைப் பள்ளியில 1928லேர்ந்து ட்யூஷன் வாங்குறதில்ல. எதிர்ப்பக்கமும் இருக்கு, நியூயார்க்ல கூப்பர் யூனியன் நூறு வருஷத்துக்கு மேல பட்டப்படிப்பு பிள்ளைங்க எல்லாருக்கும் முழு ட்யூஷனையும் தானே ஏத்துக்கிட்டு இருந்துச்சு, பணத் தட்டுப்பாட்டுல 2014லேர்ந்து ஃபீஸ் வாங்க ஆரம்பிச்சு, இப்ப படிப்படியா பழைய நிலைக்குத் திரும்பப் பாடுபடுறாங்க. இந்த மூணையும் பெரும்பாலும் தீர்மானிச்சது கையில இருந்த மூலதனத்தோட அளவுதான். கேலாவால அந்த இடத்துக்குப் போக முடியாது. கேலா அடைக்கிறது சின்னச் சின்ன ஓட்டைங்களை.

அந்த ஓட்டைங்க சின்னதுன்னு நினைச்சுடாதீங்க. தியேட்டர் படிக்கிற பிள்ளைக்கு ரிகர்சல் சாயந்திரம் 6ல இருந்து 10 வரைக்கும் இருக்கும், மத்த பிள்ளைங்க ரெஸ்டாரண்ட்ல ஷிஃப்ட் பார்த்து சம்பாதிக்கிற நேரமே அதுதான், ஷோ நெருங்கினா சனி ஞாயிறும் போயிடும், உங்க பொண்ண வச்சே உங்களுக்குத் தெரியும். ஓவியம் படிக்கிறவங்களுக்கு கேன்வாஸ், பெயிண்ட் எல்லாம் ஃபீஸ்ல சேராது. வயலின் வாசிக்கிற ஒரு பையன் கழுத்துப் பகுதி உடைஞ்ச கருவியோட பரீட்சைக்கு ஒரு மாசம் முன்னாடி எங்க ஆபீஸ் வாசல்ல வந்து நின்னான், ரிப்பேருக்கு 600 டாலர். எங்க பர்சரி நிதி எல்லாம் அப்ளிகேஷன், கமிட்டி, ரெண்டு மாசம்னு இருந்துச்சு. கேலாவுல சேர்ந்த அவசர நிதி ஒண்ணு மட்டும்தான் மூணு நாள்ல செக் குடுக்குற மாதிரி இருந்துச்சு, அதுல குடுத்தோம். அன்னிக்கு முடிவு பண்ணினேன், என்கிட்ட யாரு யோசனை கேட்டாலும் அவசர நிதின்னு ஒண்ணு இருக்கா, அதுக்கு எழுதுங்கன்னுதான் சொல்லணும்னு.

இன்னொரு விஷயம், நீங்க கேட்கல, ஆனா சொல்லாம இருக்க முடியல. கேலாவுல பாடுற, ஆடுற, வரவேற்புல ட்ரே தூக்கிட்டு நிக்கிற பிள்ளைங்களுக்குக் காசு குடுக்குறாங்களான்னு கேளுங்க. நான் இருந்த ஒரு எடத்துல நடனம் படிக்கிற நாலு பிள்ளைங்க மத்தியானம் 2 மணிக்கு வந்து, ஸ்டேஜ் ஒத்திகை பார்த்து, ராத்திரி 9 மணிக்கு 7 நிமிஷம் ஆடி, சர்வீஸ் ரூம்ல பீட்சா சாப்பிட்டுட்டு கடைசி பஸ்ஸுக்கு ஓடினாங்க. ஒரு டாலர் குடுக்கல, "உங்களுக்காகத்தானே இந்த விழா"ன்னு ஒரு பெரியவர் சொன்னார். அந்தப் பிள்ளைங்கள்ல ரெண்டு பேர் அந்த நிதிக்கு அப்ளையே பண்ணல, அவங்களுக்கு அது இருக்குறதே தெரியாது. அடுத்த வருஷம் நான் ஆளுக்கு 150 டாலரும் ஹால்ல ஒரு மேஜையும் கேட்டு வாங்கினேன், பட்ஜெட் மீட்டிங்ல அதுக்கு ஒரு மணி நேரம் சண்டை போட வேண்டியிருந்துச்சு. ஏலத்துக்குப் பிள்ளைங்க ஓவியத்த இலவசமா கேட்குறதும் இதே கதைதான், விக்கிற காசுல பாதியாவது வரைஞ்சவங்களுக்குப் போகணும்.

சாப்பாடு, மேஜை எதுவும் இல்லாமலும் இதை அழகா செய்யலாம். லண்டன் ராயல் காலேஜ் ஆஃப் ஆர்ட் 1994ல "சீக்ரெட்"னு ஒரு விற்பனை ஆரம்பிச்சாங்க. போஸ்ட்கார்டு அளவுல ஓவியங்க, பேரு பெற்ற கலைஞர்களும் அங்க படிச்ச பிள்ளைங்களும் கலந்து வரைஞ்சாங்க, கையெழுத்து பின்பக்கம், எல்லாத்துக்கும் ஒரே விலை, வாங்கித் திருப்பினாத்தான் யாரு வரைஞ்சதுன்னு தெரிஞ்சுச்சு. கிடைச்ச பணம் ஸ்டூடண்ட்ஸ் நிதிக்குப் போச்சு. அங்க வந்தவங்க மணிக்கணக்கா நின்னது படத்துக்காகத்தான், கலைப் பிள்ளைங்களுக்கு இதை விட மரியாதை என்ன வேணும். உங்க பொண்ணோட டிபார்ட்மெண்ட்ல யாராவது கேட்கத் தயாரா இருந்தா இதைச் சொல்லிப் பாருங்க.

இப்ப பொண்ணு விஷயம். நீங்க குடுக்குற காசு உங்க பொண்ணுக்கே போகணும்னு குறிச்சுக் குடுக்க முடியாது, அப்படிக் குடுத்தா அது நன்கொடையாவே ஆகாது, ரசீது வராது. யாருக்குக் குடுக்குறதுன்னு யூனிவர்சிட்டிதான் முடிவு பண்ணும். ஆனா நீங்க டோனர்ங்கிறதாலயே அவளுக்குத் தகுதி போயிடாது, தேவையும் தகுதியும் இருந்தா மத்தவங்க மாதிரி அப்ளை பண்ணலாம். ஸ்காலர்ஷிப்னா பெரும்பாலும் மார்க், பர்சரின்னா குடும்ப நிலைமை, ரெண்டுக்கும் தனித்தனியா ஃபார்ம் இருக்கும், நம்ம பிள்ளைங்க பர்சரி ஃபார்ம நிரப்ப வெட்கப்பட்டே விட்டுடுறாங்க, அதை நான் நிறைய பார்த்திருக்கேன். நிரப்பச் சொல்லுங்க. கிடைச்சா டி4ஏ ஸ்லிப் (வரிக் கணக்குல காட்டுற வருமானச் சீட்டு) வரும், ஃபுல்டைம் படிக்கிறவங்களுக்கு பொதுவா அதுக்கு வரி கிடையாது. பின்னாடி ஒரு நாள் உங்க அப்பா அம்மா பேர்ல நிதி வைக்கணும்னு தோணினா நிபந்தனைய ரொம்ப இறுக்கிடாதீங்க, இந்த ஊரு, இந்தக் கருவி, இவ்வளவு மார்க்னு போட்டா அப்படி ஒரு பிள்ளை பத்து வருஷத்துக்கு வராது, பணம் சும்மா கிடக்கும், மாத்தணும்னா கோர்ட் வரைக்கும் போக வேண்டி வரலாம்.

நானா இருந்தா என்ன செய்வேன்னு கேட்டீங்கன்னா சொல்றேன். ஒரு டிக்கெட் எடுத்து நீங்களோ வீட்டம்மாவோ போங்க, இன்னொரு 250ஐ ஸ்டூடண்ட் அவசர நிதிக்குன்னு பேர் எழுதி நேரா குடுங்க. அதுக்கு முன்னாடி அழைப்பிதழ்ல இருக்குற மெயிலுக்கு நாலு வரி போடுங்க. போன வருஷம் செலவு போக எவ்வளவு நின்னுச்சு, எந்த நிதிக்குப் போச்சு, எத்தனை பிள்ளைங்களுக்கு எவ்வளவு குடுத்தீங்க, மேடையில நிக்கிற பிள்ளைங்களுக்கு ஊதியம் உண்டா. நல்லா நடத்துற ஆபீஸ்னா ஒரு வாரத்துக்குள்ள நம்பரோட பதில் வரும், நான் இருந்தப்ப இந்த மாதிரி மெயில் வருஷத்துக்கு ஒண்ணு ரெண்டுதான் வரும், வந்தா எங்க ஆபீஸே அன்னிக்கு கொஞ்சம் நிமிர்ந்து உட்காரும். டிக்கெட்டுக்கு இன்னும் மூணு வாரம் இருக்குன்னு சொன்னீங்க, இன்னிக்கே அனுப்புங்க. வர்ற பதில்ல ஏதாவது புரியலன்னா பேர மறைச்சுட்டு இதுக்குக் கீழயே போடுங்க, நான் படிச்சு சொல்றேன்.